காதற்போட்டியும் கைக்கிளையும்

நிலம் பறிபோயின் பறிபோனமை தெரியும். பொருள் பறிபோயினும் அஃதே. சொல் பறிபோயின் பறிபோனமையே தெரியாது. அதிலும், அகவாழ்வைக் குறிக்குஞ் சொற்களை ஓரினம் கைவிடுமாயின், தன் நெஞ்சில் நிகழ்வதையே பிறர் கண்கொண்டு பார்த்துப் பிறர் வாய்கொண்டு பேசத் தொடங்கிவிடும். தமிழிளைஞர்க்குக் காதற்றுறையில் இன்று நேர்ந்திருப்பது இதுவே.

சென்னையில் மயிலாப்பூர்க்கும் ஆழ்வார்ப்பேட்டைக்கும் மந்தைவெளிக்கும் இடையே அமைந்த அபிராமபுரத்தை எடுத்துக்கொள்க. தெருக்களை முதல் தெரு, இரண்டாந் தெரு என எண்ணிட்டு அழைக்கும் குடியிருப்பு அது. முன்னாளில் அங்குள்ளோர் மேலைநாட்டுப் படமொன்று காண விரும்பின் அண்ணாசாலைப் பக்கஞ் சென்று காசினோவிலோ சபையரிலோ காணல் வேண்டும். தமிழ்ப்படமாயின் மயிலாப்பூரிலேயே கபாலியும் காமதேனுவும் இருந்தன. சபையரும் கபாலியும் காமதேனுவும் இன்று திரையரங்குகளாக இல்லை. மக்கள் திரையை நாடிச் சென்ற நிலை மாறித் திரை மக்களின் கைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆலிவுட்டுக் காதற்படம் எதுவாயினும், அபிராமபுரத்து மாடியறையில் இருந்தவாறே 16 அகவைப் பிள்ளை தன் கைப்பேசியிற் காணலாம்.

காண்பது குற்றமன்று. பிறநாட்டார் கலையைக் கண்டு துய்ப்பதைத் தமிழ் என்றுந் தடுத்ததில்லை. கண்டபின் எழும் பேச்சும் எண்ணமுமே கவலைக்குரியன. ‘லவ் டிரையாங்கிள்’, ‘ஒன்சைடு லவ்’, ‘லவ் பெயிலியர்’ என்னுஞ் சொற்களாலன்றித் தம் நெஞ்சைத் திறந்துகாட்ட இளைஞர்க்கு இயலவில்லை. அன்பின் ஐந்திணை, கைக்கிளை, பெருந்திணை என்று தேர்வுத்தாளில் எழுதி நிறைந்த மதிப்பெண் பெற்ற அதே பிள்ளைகள், தமக்கென ஒன்று நேரும்போது அச்சொற்களுள் ஒன்றையேனும் நினைப்பதில்லை. தேர்வுக்கு ஓர் அகத்திணை, வாழ்வுக்கு வேறோர் அகத்திணை என்றாகிவிட்டது. இரண்டாவதைக் கற்பிப்பது மேலைத்திரை. அதனைப் பார்த்தெழுதிய தமிழ்த்திரையும் உடன் கற்பிக்கிறது.

மேலைத்திரையின் முக்கோணம்

மேலைநாட்டுக் காதற்படங்களுட் பெரும்பாலானவற்றின் அடிப்படைக் கேள்வி ஒன்றே: இருவருள் வெல்பவர் யார்? ஒருத்தியை இருவர் விரும்புவர். அல்லது ஒருவனை இருவர் விரும்புவர். படம் முடியும்போது ஒருவர் பெறுவார், ஒருவர் இழப்பார். இப்போட்டியே கதையை இழுத்துச் செல்லும் வடக்கயிறு.

இதன் வேர் மிகப் பழையது. கிரேக்கரின் இலியட்டில், எலன் என்பாளின் பொருட்டுப் பத்தாண்டுப் போர் நிகழ்கிறது. அவள் கணவனும் அவளைக் கொண்டு சென்றவனும் ஒருகால் நேர்நின்று பொருகின்றனர். வென்றவன் அவளைக் கொள்க என்பது உடன்பாடு. எலனின் விருப்பத்தை அவ்வுடன்பாடு கேட்டதாக இல்லை. இக்கதையை ஆலிவுட்டு 1956இலும் 2004இலும் பெரும்பொருட் செலவிற் படமாக்கியது.

அண்மைக்காலத்திலும் அவ்வடிவம் மாறவில்லை. 2024இல் வெளிவந்த ‘சேலஞ்சர்சு’ என்னும் படத்தில், வரிப்பந்தாட்ட வீரர் இருவர் ஒரே பெண்ணை விரும்புகின்றனர். நாளை ஆட்டத்தில் வெல்பவனுக்கே தன் தொலைப்பேசி எண் என்கிறாள் அவள். இலியட்டில் பிறர் அவளைப் பரிசாக வைத்தனர். இங்குத் தானே தன்னைப் பரிசாக வைக்கின்றாள். வேறுபாடு அவ்வளவே. 2008 முதல் 2012 வரை ஐந்து படங்களாக வந்த ‘டுவைலைட்டு’ வரிசையில் ஒரு பெண்ணை விரும்பும் இருவருள் யார் பக்கம் நிற்பது என்று பார்வையாளரே இரு கட்சியாகப் பிரிந்தனர். கட்சிப்பெயர் பொறித்த மேற்சட்டைகளும் விற்பனைக்கு வந்தன. காதற்போட்டி வணிகப்பொருளாவதற்கு இதனினுந் தெளிந்த சான்று வேண்டா.

இவற்றினுங் கேடு விளைப்பது வேறொரு பாடம். 2004இல் வந்த ‘த நோட்புக்கு’ என்னும் படம் உலகெங்கும் இளைஞர் போற்றியது. அதன் தலைவன், தன்னோடு வர மறுத்த பெண்ணை இசைவிக்கச் சுழலும் பேரிராட்டினத்தின் கம்பியைப் பற்றித் தொங்குகின்றான். இசையாவிடிற் கையை விட்டுவிடுவதாக அச்சுறுத்துகின்றான். அவளும் இசைகின்றாள். பார்வையாளர் சிரிக்கின்றனர். பின்னர் அவளுக்கு வேறொருவனோடு மணம் உறுதியான நிலையிலும் இறுதியில் வெல்பவன் இவனே. ‘இல்லை’ என்பது முடிவான விடையன்று, விடாது நின்றால் ‘ஆம்’ என மாறும் என்பதே அக்காட்சி இளைஞர் நெஞ்சில் விதைப்பது.

மேலைத்திரை முழுதும் இத்தகையதே எனல் நேர்மையன்று. 1942இல் மைக்கேல் கர்ட்டிசு இயக்கிய ‘காசாபிளாங்கா’வில், இரிக்கு என்பான் தான் விரும்பிய இல்சாவை அவள் கணவனோடு வானூர்தியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் பின்தங்குகின்றான். செருமானியப் படைவெறியை எதிர்க்கும் அக்கணவனின் பணி தன் காதலினும் பெரிது என்பது அவன் துணிபு. விட்டுக்கொடுத்தலின் உயர்வை மேலையரும் அறிவர் என்பதற்கு அப்படம் நிலைத்த சான்று. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. இருவர்க்குமாக நீயே எண்ணி முடிவுசெய் என்று இல்சா பொறுப்பை இரிக்கிடம் ஒப்படைத்து விடுகின்றாள். வென்றாலும் விட்டாலும் முடிவு ஆணின் கையிலேயே இருக்கின்றது.

பழந்தமிழ் கண்ட போட்டி

ஒருவர்மேல் இருவர் காதல் கொள்ளும் நிலையைத் தமிழர் அறியார் என்பதன்று. நன்கறிவர். அதனை அவர் எங்கு வைத்து எண்ணினர் என்பதே ஆராயத்தக்கது.

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவல் பேசப்படுகிறது. ஆயர் இளைஞர் பலர் தொழுவிற் பாய்கின்றனர், வென்றவன் மணமகனாவான். போட்டி கடுமையானதே, குருதி சொரிகிறது, குடர் சரிகிறது. ஆயினும் இளைஞர் ஒருவரையொருவர் தாக்குவதில்லை. அனைவரும் எதிர்ப்பது காளையை. தோற்றவன் காளையிடந் தோற்றானேயன்றி மற்றவனிடந் தோற்றானல்லன். ஆதலின் வென்றவன்மேற் பகைகொள்ளவோ அப்பெண்ணின்மேற் பழிகொள்ளவோ அவனுக்கு இடமில்லை.

படைகொண்டு பெண் கேட்ட வேந்தரும் இருந்தனர். அதனை மகட்பாற் காஞ்சி எனத் துறைவகுத்தனர். புறநானூற்றில் 336ஆம் பாட்டு முதலாக இத்துறைப் பாட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. தந்தை மகளைத் தர மறுக்கின்றான். வேந்தர் சூழ்ந்து நிற்கின்றனர். இந்நிலையிற் புலவர் எவ்வேந்தன் வெல்வான் என்று கேட்கவில்லை. யானைகள் கட்டப்பட்ட மரங்கள் தேய்வதையும், நீர்த்துறைகள் கலங்குவதையும் காட்டி, இவ்வூர் என்னாகுமோ என்று இரங்குகின்றனர். எலனைப் பற்றிப் பாடிய கிரேக்கப் பாவலன் வீரர் பக்கம் நின்று பாடினான். இப்புலவர் அழியப்போகும் ஊரின் பக்கம் நின்று பாடினர்.

வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்திபாற் சென்றான். இது நாடறிந்த செய்தியாயிற்று. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவனிடஞ் சென்று பாடிய ஐந்து பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை நிற்கின்றன. பரிசில் வாழ்நராகிய அவர், பொன்னும் பொருளும் வேண்டா, நீ தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே வேண்டும் பரிசில் என்றனர். மன்னன் வீட்டுக் காதற்சிக்கலைக் கண்ட புலவர், அதனைச் சுவையான வம்பாக்கவில்லை. நாணத்தக்கவன் அவனே என அவன் முகத்துக்கு நேரே உரைத்தனர்.

சிலம்பில் இஃது இன்னும் விளங்கும். கோவலன், கண்ணகி, மாதவி என மூவர். மேலைத்திரைக்கு இக்கதை கிடைத்திருப்பின் இரு மகளிரும் நேர்நின்று சீறும் காட்சியொன்றை நடுவில் வைத்திருப்பர். இளங்கோவடிகள் அவ்விருவரையும் ஒருகாலும் பகைவராக நிறுத்தவில்லை. கண்ணகி ஒருமுறை கடிந்துரைக்கின்றாள். அக்கடுமொழி கோவலனுக்கே உரியது. மாதவியோ, பின்னர் மணிமேகலைக் காப்பியத்தில், தான் ஈன்ற மகளைக் கண்ணகியின் மகளென்றே கூறுகின்றாள். ‘போட்டியாளர்’ என்னுஞ் சொல்லுக்கு அங்கு இடமேது?

அகநானூற்று 222ஆம் பாட்டில் பரணர் மருதி என்பாளைப் போற்றுகின்றார். காவிரி கொண்டுசென்ற ஆட்டனத்தியைத் தேடி ஆதிமந்தி கரைதோறும் அலமருகின்றாள். அவனை அவளுக்குக் காட்டிவிட்டு மருதி கடல் புகுகின்றாள். ஆட்டனத்தி ஆதிமந்தி கதையைத் தழுவி 1960இல் ‘மன்னாதி மன்னன்’ என்னும் படம் வந்ததும் நினைக்கத்தக்கது. தமிழ்த்திரை தன் ஊற்றை அறியாதிருந்ததில்லை.

பழந்தமிழ்க் காதல்வாழ்வு குறையே அற்றது என்று கூறுவார் கழகநூல்களை முழுதுங் கல்லாதவரே. மருதத்திணையில் ஆடவன் பரத்தைபாற் செல்வதும் மனைவி ஊடுவதும் இயல்பெனவே பேசப்படும். குறுந்தொகை 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் படைத்த பரத்தை, தலைவனையும் அவன் மனைவியையும் எள்ளி நகையாடுகின்றாள். ஆடவனுக்கு ஒரு வழக்கும் மகளிர்க்கு ஒரு வழக்கும் இருந்தன. அக்குறையைத் தமிழே கண்டு திருத்தவும் முற்பட்டது. திருவள்ளுவர் ‘பிறனில் விழையாமை’யை 15ஆம் அதிகாரமாகவும் ‘வரைவின் மகளி’ரை 92ஆம் அதிகாரமாகவும் வைத்தது அத்திருத்தமே.

கைக்கிளை என்னுஞ் சொல்

இனி, இவற்றினெல்லாந் தலையாயதொன்று. காதலிப்பவர் ஒருவர், காதலியாதவர் ஒருவர் என்னும் நிலைக்குத் தமிழ் தனிப்பெயரே தந்துள்ளது. அது கைக்கிளை. கை என்பது சிறுமை; கிளை என்பது உறவு. ஒருமருங்கே நிற்கும் உறவு என உரையாசிரியர் விளக்குவர். ஒத்த அன்புடைய ஐந்திணையை நடுவில் வைத்துக் கைக்கிளையை ஒருபுறமும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையை மறுபுறமும் வைத்தார் தொல்காப்பியர்.

அவர் கைக்கிளைக்குக் கூறிய இலக்கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்குத் தலைவி, காதலுணர்வு முதிராத இளமையள். அவளிடமிருந்து மறுமொழி வாராது. தலைவன் தன் துயரைத் தானே சொல்லித் தானே ஆறுவான். அவ்வளவில் அத்திணை முடிந்துவிடும். மறுமொழி வாராமை அவள் குற்றமென்று தொல்காப்பியர் கூறவில்லை. வரும்வரை பின்தொடர்க என்றுங் கூறவில்லை. எதிர்மொழி பெறாத காதல், காதலித்தவன் நெஞ்சிலேயே தொடங்கி அங்கேயே அடங்குதல் வேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் உட்பொருள்.

மடலேறுதல் என்பதொன்று உண்டே, அது பெண்ணை ஊரறியச் செய்து வற்புறுத்துவதாகாதா என வினவுவார் உளர். வினா முறையானதே. அதனாலேயே, மடலேறுவேன் என்று சொல்லும் அளவை அகத்தில் ஏற்ற தொல்காப்பியர், உண்மையாகவே ஏறிவிடுவதைப் பெருந்திணையிற் சேர்த்தார். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஒரு கோடு கிழித்து, அதனைக் கடந்தவனை அன்பின் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். ‘த நோட்புக்கு’ படத்தில் கம்பியைப் பற்றித் தொங்கியவனைத் தொல்காப்பியர் கண்டிருப்பின் எத்திணையில் வைத்திருப்பார் என்பதற்கு விடை தேடவேண்டுவதில்லை.

கைக்கிளை ஆடவர்க்கே உரியதுமன்று. உறையூர்ப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய மூன்று பாட்டுகள் புறநானூற்றில் 83, 84, 85 என நிற்கின்றன. அவர் காதலித்தது போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னுஞ் சோழ இளவரசனை. ஆமூர் மல்லனோடு அவன் பொருத நாளில், வெற்றி இவனுக்கே என ஊரார் சிலரும் இல்லையெனச் சிலரும் ஆரவாரித்தனர். நக்கண்ணையார் பனையடியில் நின்று அவன் வென்றதைக் கண்டார். தாய்க்கு அஞ்சுகின்றார், அவைக்கு நாணுகின்றார், இரண்டிற்கும் இடையே அலைகின்றார். அவன் தம்மை விரும்பவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவனை அடைந்த மற்றொருத்தி உண்டோ என்று தேடவுமில்லை. காதலித்ததை மறைக்கவும் இல்லை, அதற்கு விலை கேட்கவும் இல்லை. உலகில் எம்மொழியிலும் ஒரு பெண் தன் எதிர்பெறாக் காதலை இத்துணைப் பெருமிதத்தோடு பாடியது பெருமைக்குரியதே. அப்பெருமிதத்திற்கு வாழ்வளித்தது கைக்கிளை என்னும் வரையறை.

தமிழ்த்திரை வந்த வழி

தமிழ்த்திரையின் முக்கோணக் காதற்கதைகளுக்கு வலுவூட்டியவர் சிரீதர். 1959இல் அவர் இயக்கிய முதற்படம் ‘கல்யாணப் பரிசு’. தங்கை வசந்தி, தன் காதலனாகிய பாசுகரனைத் தமக்கை கீதாவும் விரும்புவதறிந்து விட்டுக்கொடுக்கின்றாள். விட்டுக்கொடுத்தது மூவர்க்கும் நன்மை தரவில்லை. கீதா இறக்கின்றாள், பாசுகரன் வசந்தியைத் தேடி வருகையில் அவளுக்கு வேறொருவனோடு மணம் நடந்துவிடுகிறது, தன் குழந்தையை மணப்பரிசாகத் தந்து அகல்கின்றான். 1962இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில், தான் காதலித்தவளின் கணவனுக்கே அறுவை மருத்துவஞ் செய்யும் நிலை மருத்துவர் முரளிக்கு நேர்கின்றது. கணவன் பிழைக்கின்றான், மருத்துவர் உயிர் துறக்கின்றார்.

இவ்விரு படங்களிலும் பகைவன் இல்லை. ஒருவரையொருவர் வெல்ல முயலவும் இல்லை. வடிவம் மேலைநாட்டினது, உள்ளீடு தமிழருடையது. தமிழ்நாட்டுத் தாய்மார் அப்படங்களைக் கண்டு கலங்கியதற்குக் கரணியம் அதுவே.

ஆயினும் ஒரு குறை அன்றே இருந்தது. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் நோயுற்ற கணவன், தான் இறப்பின் அம்மருத்துவரை மணந்துகொள்ளுமாறு மனைவியைக் கேட்கின்றான். அவள் விருப்பத்தைக் கேட்டறிந்த பின் கேட்கவில்லை. 1981இல் பாக்கியராசு இயக்கிய ‘அந்த 7 நாட்க’ளில், கணவனே மனைவியை அவள் காதலனிடஞ் சேர்க்க முன்வருகின்றான், காதலனோ தாலியைக் காட்டி மறுத்து விலகுகின்றான். இருவரும் நல்லவரே. எனினும் அவள் வாழ்வை அவ்விருவரே பேசி முடிக்கின்றனர். ‘காசாபிளாங்கா’வில் இல்சா நின்ற நிலையும் இதுவே என்பதை எண்ணுக.

அக்குறையைக் கடந்து சென்ற படமொன்று அபிராமபுரத்தார்க்கு மிக அணிமையது. 1985இல் கே. பாலச்சந்தர் இயக்கிய ‘சிந்து பைரவி’யே அது. இசைவாணர் ஒருவர், அவர்தம் மனைவி பைரவி, இசையறிந்த சிந்து என்னும் மூவர் கதை. அவர் வாழும் இசையுலகம், அபிராமபுரத்தைச் சூழ்ந்த மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை இசைமன்றங்களின் உலகமே. சிந்துவுக்கும் இசைவாணர்க்கும் தொடர்பு தோன்றுவதே ஒரு தமிழ்ச்சிக்கலினாலன்றோ? தமிழ் மக்கள் நடுவே தெலுங்கிற் பாடினால் அவர்க்கு விளங்குமா எனக் கேட்டு, தமிழிற் பாடுமாறு அரங்கிலேயே அவள் அறைகூவுகின்றாள். காதற்கதையொன்றைத் தமிழிசை உரிமையின்மேல் எழுப்பிய துணிவு அப்படத்தினுடையது. முடிவும் மகளிருடையதே. சிந்துவைத் தன் கணவன் மணந்துகொள்ளப் பைரவி இசைகின்றாள், சிந்து மறுக்கின்றாள், தான் ஈன்ற மகவைப் பைரவியிடம் ஒப்படைத்து அகல்கின்றாள். மாதவியின் நிழல் அவள்மேல் விழுகின்றது. சுகாசினிக்கும் இளையராசாவுக்கும் பாடகி சித்திராவுக்கும் இந்திய அரசின் திரைவிருதுகளை அப்படம் ஈட்டித் தந்தது.

அதன்பின் தமிழ்த்திரை வந்த வழி வேறு. 2001இல் வந்த ‘மின்னலே’யில், தலைவன் வேறொருவனது பெயரைப் பூண்டு அவனுக்குரிய பெண்ணின் நெஞ்சைக் கவர்கின்றான். 2016இல் வந்த ‘ரெமோ’வில், மணம் உறுதியான பெண்ணைத் தலைவன் பெண்ணுருக் கொண்டு ஏமாற்றி அடைகின்றான். இரண்டும் மக்கள் பெரிதும் விரும்பிக் கண்ட படங்கள். ஏமாற்றுவது திறமை, பின்தொடர்வது காதல், மற்றவனை வீழ்த்துவது வீரம் என்பது அவற்றின் பாடம். மருதியும் நக்கண்ணையாரும் பிறந்த மொழியில், போட்டியில் வெல்லாத காதல் தோல்வியே என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

கொலைக்குக் காதலென்று பெயரா?

இஃது ஏட்டளவில் நிற்பதாயின் புலவர் தம்முள் வழக்காடி முடித்துவிடலாம். அங்ஙனம் நிற்கவில்லை. 2012 நவம்பரில், காரைக்காலில், காதலை ஏற்க மறுத்த இளம்பெண்மேல் எரிநீர் வீசப்பட்டது. கண்ணொளி இழந்து மூன்று திங்கள் துன்புற்று, 2013 பிப்பிரவரியில் அவர் உயிர் நீத்தார். 2022 அட்டோபரில், பரங்கிமலைத் தொடர்வண்டி நிலையத்தில், கல்லூரி மாணவி ஒருவர் தம்மைப் பின்தொடர்ந்த இளைஞனால் ஓடிவரும் வண்டியின்முன் தள்ளப்பட்டு மாண்டார். நூல்கொண்டு பள்ளிசென்று, பெற்றோரின் கனவுகளைத் தாங்கி நின்ற பிள்ளைகள் அவர்கள்.

இத்தகு கொடுமைகளைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் ‘ஒருதலைக் காதல்’ என்று தலைப்பிட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கே கொடிது. ஒருதலைக் காதல் என்பது கைக்கிளைக்கு இன்னொரு பெயர். கைக்கிளையோ மறுமொழி வாராதவிடத்துத் தன்னுள் அடங்குவது. மறுத்தவளை அழிப்பவன் கைக்கிளைக்கும் உரியனல்லன், பெருந்திணைக்கும் உரியனல்லன். அகத்திணையின் எல்லைக்குள்ளேயே அவனுக்கு இடமில்லை. அவன் கொலைஞன். கொலையைக் கொலையென்று எழுதாது காதலென்று எழுதுவோர், கொன்றவனின் கூற்றையே தாமும் எழுதுகின்றனர். ‘அவள் இசையாததால்’ என்னும் ஒரு சொல்லாற் பழியில் ஒரு பங்கு மாண்டவள்மேலும் ஏறிவிடுகிறது. சொல்லாராய்ச்சி வீண்வேலை என்பார் இவ்வொரு சொல்லை ஆராய்ந்து பார்ப்பாராக.

கொலை செய்தோரெல்லாம் படம் பார்த்துக் கெட்டவர் எனல் மிகைக்கூற்று. படமில்லாக் காலத்தும் வன்கொடுமை இருந்தது. மறுப்பைத் தாங்கும் ஆற்றலை இளைஞர்க்கு எதுவும் கற்பிக்கவில்லை என்பதும், மறுப்பைத் தாங்காமையே காதலின் ஆழம் எனத் திரை நாடோறும் கற்பிக்கின்றது என்பதுமே இங்குக் குற்றச்சாட்டு.

செய்யத்தக்கன

மேலைத்திரையைத் தடைசெய்க என்பதன்று இதன் முடிவு. மேலைத்திரையிலிருந்தே தமிழர் கற்கத்தக்க பாடமும் உண்டு. 2023இல் செலீன் சாங்கு என்னும் பெண் இயக்குநர் ‘பாசுட்டு லைவ்சு’ என்னும் படத்தை எடுத்தார். அவர் கொரியாவிற் பிறந்து வடஅமெரிக்காவிற் குடியேறியவர். கதையும் அத்தகைய பெண்ணொருத்தியைப் பற்றியதே. சேவூலில் அவளோடு படித்த தோழன் பல்லாண்டு கழித்து அவளைக் காண நியூயார்க்கு வருகின்றான். அவளுக்கோ அமெரிக்கக் கணவன் இருக்கின்றான். முக்கோணம் அமைந்துவிட்டது, போட்டி அமையவில்லை. மூவரும் ஒருவரையொருவர் மதிக்கின்றனர். தோழனை வழியனுப்பிவிட்டு அவள் கணவன் தோளிற் சாய்ந்து அழுகின்றாள். இத்தனைக்கும் அடிப்படையாக அவர் வைத்தது ‘இன்யொன்’ என்னும் ஒரு கொரியச் சொல். பிறவிதோறுந் தொடரும் உறவுப்பிணிப்பை அது குறிக்கும். ஆங்கிலப் படத்துள் அச்சொல்லை அவர் மொழிபெயர்க்காது வைத்தார். உலகம் அதனைக் கற்றுக்கொண்டது. 2024இல் ஆசுக்கர் விருதுக்குச் சிறந்த படமாகவும் சிறந்த திரைக்கதையாகவும் அது முன்மொழியப்பட்டது.

ஒரு கொரியப் பெண்ணுக்கு இயன்றது தமிழ் இயக்குநர்க்கு இயலாதா? நக்கண்ணையார் பனையடியில் நின்ற காட்சியினும் சிறந்த திரைக்காட்சி எங்குளது? பேகன் வாயிலில் நான்கு புலவர் நின்று, பொன்னை மறுத்து ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைக்கக் கேட்டதினும் வலிய உரையாடல் எவர் எழுத்தில் உளது? கதைக்கு ஆலிவுட்டை நோக்குவோர் ஒருமுறை புறநானூற்றைத் திறந்து பார்த்தல் தகும்.

தமிழாசிரியர்க்கும் கடமை உண்டு. அகத்திணையைத் திணை, துறை, கூற்று எனப் பிரித்து ஒப்பிக்கச் செய்வதோடு நிறுத்திவிடல் போதாது. கைக்கிளையைக் கற்பிக்கும் நாளில், மறுப்பு என்பது மறுப்பே என்பதையும், அதனை ஏற்று விலகுபவன் தோற்றவன் அல்லன் என்பதையும் வகுப்பில் வெளிப்படையாக எடுத்துரைத்தல் வேண்டும். பதின்ம அகவை மாணவர்க்கு இதனினும் பயன்படும் இலக்கணப்பாடம் பிறிதில்லை. ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றத்தாரும், தத்தம் பகுதிச் செய்தியாளரைக் கண்டு, கொலைச்செய்திக்குக் காதலென்று தலைப்பிடுதலைக் கைவிடுமாறு வலியுறுத்தலாம். செலவற்ற பணி இது. உறுதி ஒன்றே வேண்டுவது.

தமிழிளைஞரே! நும் நெஞ்சில் எழுங் காதலுக்கு மறுமொழி வரின் அஃது ஐந்திணை, மகிழ்க. வாராவிடின் அது கைக்கிளை. சொல்லி ஆறுக, பின் விலகுக. அவ்வாறு விலகியோரை நும் மூதாதையர் தோல்வியுற்றார் என்று எழுதவில்லை. தொகைநூலில் இடம்தந்து ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்து வைத்துள்ளனர்.